பந்து போடுபவளும் அடிக்க வேண்டும் என்றவள்

தனலெட்சுமி இறந்த செய்தி வந்தபோது நான் ஒருவருடைய வாய்க்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது, நின்றது, மறுபடியும் அதிர்ந்தது. டாக்டர் முறைத்தார். வெளியே வந்து பார்த்தால் பரமேஸ். எங்கள் சாஃப்ட்பால் குழுவில் முதல் பேஸில் நின்று ஆடுபவள். அவளுடைய அழைப்புகளை எடுப்பதை நான் நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அன்று என்னவோ எடுத்துவிட்டேன்.

“கஸ்தூரி, தனம் போய்ட்டா லா,” என்றாள். “விடியக்காலையில. ஆஸ்பத்திரியிலேயே. நீ வருவதானே?”

“வாரேன்,” என்றேன். உள்ளே போய் மறுபடியும் விளக்கைப் பிடித்தேன். கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது. பேசித் தீர்க்க வேண்டியது அப்படியே கிடக்க, இவள் பாட்டுக்குக் கிளம்பிவிட்டாளே என்ற கோபம். செத்தவளோடு சண்டை போட்டால் ஊர் சிரிக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பரமேஸ்தான் இதை எழுதச் சொன்னாள். தனத்தின் நினைவாக ஓர் ஆட்டம் வைக்கிறார்கள். அதற்கு ஒரு சின்ன மலரும் போடுகிறார்கள். ஆட்டக்காரிகள் போடும் சட்டையின் முதுகில் தனம் எப்போதும் சொல்லும் வாக்கியத்தை அச்சடிக்கிறார்கள்: ‘பந்து போடுறவளும் அடிக்கணும்.’ அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை. “நல்லதா எழுதிக் குடு கஸ்தூரி, நீதானே அவளுக்கு ரொம்ப நெருக்கம்,” என்றாள். நல்லதாகத்தான் தொடங்குகிறேன். எங்கே போய் முடியும் என்று என்னால் சொல்ல முடியாது.

தனம் எங்கள் செம்பருத்திக் குழுவின் கேப்டன். ஆட்டத்தில் கேட்சர், அதாவது அடிப்பவளுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவள். அந்தப் பந்தைப் போடும் பிட்சர் நான். பள்ளியில் சாஃப்ட்பால் ஆடிய பெண்கள் கல்யாணமானதும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கரண்டியைப் பிடித்துவிடுவார்கள். அப்படி எறிந்தவர்களையெல்லாம் தேடித் தேடிப் பிடித்தவள் தனம். என்னைப் பிடித்தது புந்தோங்கில் ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில். “நீ ஸ்கூல்ல பிட்ச் பண்ணவதானே? ஞாயித்துக்கிழமை திடலுக்கு வா,” என்றாள். சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள், என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாகான் டத்தோவிலிருந்து கைக்குழந்தையோடு ஒருத்தி ஆட வருவாள். ஆட்டம் முடியும்வரை அந்தக் குழந்தை தனத்தின் கணவர் மடியில் இருக்கும். மனிதர் சட்டை நனைந்தாலும் எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் தனம் திடலிலிருந்தே கத்துவாள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிட்சர் பெரும்பாலும் மோசமாகத்தான் அடிப்பாள். அவளுடைய பயிற்சியெல்லாம் போடுவதிலேயே போய்விடும். ஆகவே அவளுக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே வேறொருத்தியை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். கேப்டன் ஆட்டத்துக்கு முன் நடுவரிடம் சொன்னால் போதும். பேஸ்பால் பெரிதாக ஆடும் நாடுகளில் இதற்காகக் காலம் காலமாக அடித்துக்கொண்டார்களாம். எங்கள் ஈப்போ மகளிர் லீக்கில் அடித்துக்கொள்ள தனம் ஒருத்தியே போதும்.

ஒரு முறை லீக் கூட்டம் ஒரு காப்பிக்கடையில் நடந்தது. பிட்சருக்குப் பதில் ஆள் வைப்பதை எல்லா அணியும் செய்ய வேண்டும், ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கும் என்று இன்னோர் அணியின் பயிற்சியாளர் பேச்சை எடுத்தார். சீனர், பள்ளி ஆசிரியர், நிதானமான மனிதர். பிட்சர் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எல்லாருக்கும் நேரம்தான் வீண் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. தனம் காப்பியைக் கீழே வைத்தாள். அன்று அவள் மலாயில் பேசியதைக் கூட்டம் முடிந்து வரும் வழியில் எங்களுக்குத் தமிழிலும் ஒரு முறை பேசிக் காட்டினாள். அவளுக்கு அப்படி ஒரு ஆசை.

“ஒன்பது பேரு பிடிக்கிறோம், ஒன்பது பேரு அடிக்கிறோம். பத்தாவது ஆளு கெண்டூரி விருந்துக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். பந்து போடுறவளும் அங்க போயி நின்னு பார்க்கணும் லா. எதுத்தாப்புல பந்து வாரப்ப எப்படி இருக்கும்னு அவளுக்கும் தெரியணும். அப்பதான் அடுத்தவ மேல படாம போடுவா. பாதி வேலை பாக்கிறவளுக்கு முழு ஜெர்சி எதுக்கு?”

அந்த ஆசிரியர் சிரித்துக்கொண்டே, “சரி, உங்கள் பிட்சர் எத்தனை தடவை அடித்திருக்கிறார்?” என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் காப்பிக்குள் பார்த்தேன். தனம் அசரவில்லை. “அவ அடிக்காதது எங்க வீட்டுப் பிரச்சினை. அவள அடிக்க விடறதா வேண்டாமாங்கிறதுதான் இங்க பேச்சு,” என்றாள். அந்த வருடம் விதி மாறவில்லை.

என் அடியைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. நான் மட்டையை எடுத்துக்கொண்டு போனால் எதிரணியில் தூரத்தில் நிற்பவர்கள் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஆனாலும் ஒன்பதாவதாக நான் போய் நிற்பேன். பள்ளியில் என்னைப் பந்து போட மட்டும்தான் கூப்பிட்டார்கள். அடிக்கும் நேரம் வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவல் இருப்பேன். தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைக்கு அதுவே பெரிது என்று அப்போது நினைத்தேன். பிறகு தனம் என் கையில் மட்டையைக் கொடுத்து, “போ, நீயும்தான்,” என்றாள். அவள் எனக்குச் செய்ததில் அதுதான் பெரிது என்று இன்றும் சொல்வேன்.

ஒரு வருடம் எதிரணிக்காரி போட்ட பந்து என் விலாவில் பட்டுவிட்டது. அதன் பிறகு பந்து வருவதற்கு முன்பே என் கால் பின்னால் போய்விடும். தனம் திட்டவில்லை. தம்பூனில் அவளுக்குத் தெரிந்த ஒருவருக்குப் பம்பளிமாஸ் தோப்பு இருந்தது. மரத்தடியில் விழுந்து அழுகிக் கிடக்கும் பழங்களை அவர் கூட்டித் தள்ளுவார். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் என்னை மட்டையோடு நிறுத்தி, ஒவ்வொன்றாக எடுத்து என் மேல் எறிந்தாள். அடித்தால் வெடித்துச் சிதறும். அடிக்காவிட்டால் மேலே வந்து சப்பென்று விழும், எறும்போடு. “பயம் போவணும்னா பட்டாலும் வலிக்காதது மொதல்ல மேல படணும்,” என்றாள். வீட்டுக்குப் போனபோது என் தலையில் விதை இருந்தது. என் கணவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார். ஆனால் கால் பின்னால் போவது நின்றது.

அதன் பலன் சில வருடங்களுக்கு முன் அரையிறுதியில் கிடைத்தது. இரண்டு பேஸில் எங்கள் ஆட்கள் ஓடக் காத்து நிற்க, நான் அடித்த பந்து கட்டாந்தரையில் பட்டு, பிடிக்க வந்தவளின் காலிடுக்கில் ஓடியது. அழகான அடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதில் ஜெயித்தோம். தனம் முகமூடியை வானத்தில் எறிந்தாள். அன்று மாலை அப்பாவுக்கு ஃபோன் செய்து, “அப்பா, நான் அடிச்சேன்,” என்றேன். “யாரையம்மா?” என்றார்.

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனையாகி, அதன் பாதி வீட்டுமனையாகி, அவருக்கு அங்கேயே ஒரு சின்ன வீடு மிஞ்சியது. நான் ஆடி அவர் பார்த்ததே இல்லை. பொம்பளைப் பிள்ளைகள் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்க என்ன இருக்கிறது என்பார். அந்த அடியைப் பற்றிச் சொன்ன பிறகு, இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன் என்று அவராகவே சொன்னார். தனத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அப்பாவுக்கு நிழல்ல நாற்காலி போட்டு வெப்போம்,” என்றாள். நாற்காலி போட்டும் வைத்தாள்.

இறுதி ஆட்டம் லூமுட்டிலிருந்து வந்த அணியோடு. தலைக்கவசத்தை இடுக்கிக்கொண்டு நான் வரிசையில் நிற்கிறேன். நடுவர் எங்கள் அடிக்கும் வரிசையைச் சத்தமாக வாசிக்கிறார். ஒன்பதாவது பெயர் ஷர்மிளா. தனத்தின் அண்ணன் மகள், கோலாலம்பூரில் பல்கலைக்கழக அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவள். அன்று காலைதான் எங்கள் சட்டையில் அவளை நான் பார்த்தேன், சும்மா உட்கார வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். “பிட்சர் கஸ்தூரி அடிக்க மாட்டார்,” என்று நடுவர் வாசித்து முடித்தார். நான் தனத்தைப் பார்த்தேன். அவள் கால்காப்பின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இறுகியிருந்த வார். மற்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பரமேஸ் மட்டும் தோளில் தட்டி, “பரவால்ல லா, நீ போடறத மட்டும் பாரு,” என்றாள். எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது என்பது அந்தத் தட்டில் எனக்குப் புரிந்தது.

போட்டேன். வேறென்ன செய்ய? என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் போட்டதில்லை. ஒவ்வொன்றும் தனத்தின் கையுறையில் போய் அறைந்தது. அவள் ஒன்றைக்கூடக் கீழே விடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் அணி அடிக்கும் நேரத்தில் நான் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“உன் மொற எப்பம்மா வரும்?” என்றார்.

“வரும்பா.”

கொஞ்ச நேரம் கழித்து, “அந்தச் சின்னப் பொண்ணு ரெண்டு தடவ போயிட்டு வந்திருச்சு. உன்னய இன்னும் கூப்பிடலியா?” என்றார். அவருக்கு விதி தெரியாது. தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். ஷர்மிளா நன்றாக அடித்தாள். ஜெயித்தோம். தனம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்து, “கப்பு நம்ம கையில இருக்கு பாரு!” என்றாள். நான் கையுறையைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டு அப்பாவைக் காரில் ஏற்றினேன். வழியில் அவர், “நல்லாதான் போட்ட. அடிக்கிறத அடுத்த தடவ பாத்துக்கிறேன்,” என்றார். அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. நான் திடலுக்கே போகவில்லை.

தனம் சில நாட்கள் ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை. பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள். விதியில் இடமுண்டு, அவள் கேப்டன், ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தாள். இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. முந்தின நாள் என் முகத்தைப் பார்த்து, ‘கஸ்தூரி, நாளைக்கு நீ அடிக்கல’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பாவை வரவேண்டாம் என்றிருப்பேன், அழுதிருப்பேன், வந்து போட்டும் இருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்குக்கூட நான் தகுதியில்லாதவளாகிவிட்டேனா என்பதுதான் என்னை அறுத்தது. கூடவே இன்னொன்று. மறு வருடம் எங்கள் கிளினிக்குக்குப் பல் பிடுங்க வந்த வேறோர் அணிக்காரி, “உங்க தனம் அக்கா கூட்டத்துல மறுபடியும் அதே பேச்சுதான், பந்து போடுறவளும் அடிக்கணும், எங்க டீம்ல என்னிக்கும் அப்படித்தான்னு மேசையைத் தட்டுறாங்க,” என்றாள். நல்ல வேளை, பல்லைப் பிடுங்குவது டாக்டர், நான் இல்லை.

அவளுக்கு நோய் முற்றிவிட்டது என்று கேள்விப்பட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. குந்தியிருந்து குந்தியிருந்து தேக்குக் கட்டையாக இருந்த தொடைகள் போர்வைக்குள் தெரியவே இல்லை. என்னைப் பார்த்ததும், “வந்துட்டியா,” என்றாள், ஏதோ நேற்றுப் பிரிந்தவள் மாதிரி. நான் சுற்றி வளைக்கவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டேன்.

“நீ அடிச்சிருந்தா தோத்திருப்போம் கஸ்தூரி.”

“சரி. ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ அழுவ. நீ அழுதா நான் மாத்திருவேன்.”

“மாத்தியிருக்கலாமே.”

“தோத்திருப்போமே.”

“தோத்திருக்கலாமே, தனம்.”

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அவ்வளவுதானா? வேற ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டேன். “வேற என்ன இருக்கு. அவ்வளவுதான்,” என்றாள். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. நான் உருகிப்போனேன். மன்னிப்பு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் பாதி கோபத்தை அந்தக் கட்டிலிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தேன். மீதியை இன்னொரு நாள் வந்து தீர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கருமாதி அன்று சாப்பாட்டுப் பந்தியில் பரமேஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வலது மணிக்கட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “இப்ப எப்படி இருக்கு கை? நான் குடுத்து விட்ட எண்ணெய் கேட்டுச்சா?” என்றாள்.

“என்ன எண்ணெய்?”

“காமாட் எண்ணெய் லா, கடல் அட்டையில எடுக்கிறது. எங்க அக்கா லூமுட்ல இருந்து கொண்டாந்தா. தனத்துகிட்டதானே குடுத்து விட்டேன். ஃபைனலுக்கு முந்தின நாளு தனம் எங்க எல்லாரையும் கூப்பிட்டு, கஸ்தூரிக்குக் கை போயிருச்சு, மட்டையைப் பிடிக்க முடியல, அவளே வந்து அடிக்க மாட்டேன்னு கேட்டுக்கிட்டான்னு சொன்னா. அதைப் பத்தி அவகிட்ட யாரும் வாயைத் தொறக்காதீங்க, மனசு ஒடிஞ்சு போயிருக்கான்னு சொன்னா. அதான் நாங்க யாரும் கேக்கல.”

எனக்கு என்றுமே கைவலி வந்ததில்லை.

அப்போதுதான் கணக்கு விளங்கியது. தானே எடுத்த முடிவு என்று சொல்லியிருந்தால் பரமேஸே முதலில் பிடித்துக்கொண்டிருப்பாள்: ‘நீதானே லா சொன்ன, பந்து போடுறவளும் அடிக்கணும்னு?’ தன் வாய்ச்சொல்லும் நிற்க வேண்டும், கோப்பையும் வேண்டும். அதற்கு வாயாலேயே என் கையை ஒடித்துவிட்டாள். அன்று யாரும் என் முகத்தைப் பார்க்காததற்குக் காரணம், எனக்குத் தெரியாமல் ஏதோ செய்துவிட்டோம் என்ற குற்றவுணர்வு இல்லை. நானே பின்வாங்கினேன் என்று நினைத்து எனக்காகக் கூச்சப்பட்டிருக்கிறார்கள். நான் அவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்கினேன், அவர்கள் என்னைப் பாவம் என்று ஒதுங்கினார்கள். நடுவில் இருந்து இரண்டு பக்கத்துக்கும் கதவைச் சாத்தியவள் தனம். ஆஸ்பத்திரியில் அவ்வளவு நேராகக் கேட்டேன், வேறு ஏதாவது இருக்கிறதா என்று. என் விரலைப் பிடித்துக்கொண்டே இல்லை என்றாள். அரைகுறையாக நான் கொடுத்த மன்னிப்பையும் பொய் சொல்லித்தான் வாங்கிக்கொண்டு போனாள்.

செம்பருத்திப் பெண்களே, நல்லதாக எழுதச் சொன்னீர்கள். இந்த மலரில் இது வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் திடலில் வைத்து நானே வாசிப்பேன். நீங்கள் அடித்த சட்டையை நானும் போட்டுக்கொள்கிறேன். அந்த வாக்கியம் முதுகிலேயே இருக்கட்டும், அதில் குற்றமில்லை. தனத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றைத்தான். சொன்னவள் காப்பாற்றவில்லை, கேட்டவள் காப்பாற்றிக்கொள்கிறேன். அவளை நினைத்தால் இன்னமும் நெஞ்சு எரிகிறது. அவள் குந்தியிருந்த இடத்தில் வேறொருத்தி குந்தியிருப்பதைப் பார்த்து எப்படிப் போடப் போகிறேன் என்றும் தெரியவில்லை. இரண்டும் உண்மை.

நேற்று பரமேஸ் ஃபோன் செய்து, “நீ போட்டா போதும், அடிக்கிறதுக்கு ஷர்மிளாவை வெச்சுக்கலாம், சிரமப்படாத,” என்றாள். வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒன்பதாவதாக என் பெயரை வாசிக்கச் சொல்லுங்கள், சத்தமாக. அடிக்கக் கிடைக்கும் மூன்று பந்தையும் விட்டுவிட்டு அவுட்டாகி வெளியே போனாலும் போவேன், ஆனால் அது நானே விட்டதாக இருக்கும். என் கைக்கு ஒன்றும் இல்லை.